மலை ரோட்டில் வளைந்து நடந்தவர்

அவர் நேராக நடந்து நான் பார்த்ததே இல்லை. தோளில் மண்வெட்டி, இடுப்பில் கொடுவாள், கழுத்தில் ஒரு ஈரத்துண்டு. ரோட்டோரமாக ஒழுங்காகப் போய்க்கொண்டிருப்பவர் திடீரென்று பள்ளத்தில் இறங்குவார். நாலு எட்டு நடந்து மறுபடி மேலே ஏறுவார். பத்துக் கடை தாண்டினால் இன்னொரு இறக்கம். சில இடத்தில் ஓரத்தை விட்டு ரோட்டுக்குள்ளேயே ஒதுங்கிப் போவார். பின்னால் வருகிற பஸ்காரன் ஹாரனை அடித்துக் கிழிப்பான். இவர் காதில் விழாது.

புதிதாக வந்த போலீஸ்காரர் ஒருவர் காலை ஒன்பது மணிக்கு அவரை நிறுத்தி ஊதச் சொன்னார். நான் கடை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஊதினார். வெற்றிலை வாடைதான் வந்திருக்கும்.

"அப்புறம் ஏன்யா கோணல்மாணலா நடக்கற?"

"ரோடு அப்படி இருக்குதுங்கய்யா."

போலீஸ்காரர் ரோட்டைப் பார்த்தார். அந்த இடத்தில் அது கயிறு பிடித்தது போல நேராக இருந்தது. பைத்தியம் என்று நினைத்திருப்பார், போகச் சொல்லிவிட்டார்.

பெயரைச் சொல்ல மாட்டேன். அவர் பெண்டாட்டி இன்னும் இருக்கிறாள், எதிரே வந்தால் நான்தான் தலையைக் குனிந்துகொள்கிறேன். ஊரில் எல்லாருக்கும் அவர் ரோட்டுக்காரர். ரோட்டு ஆபீசில் சாலைப் பணியாளர். குழி மூடுவது, ஓரத்துப் புதரை வெட்டுவது, மழைத் தண்ணீருக்கு வாய்க்கால் வெட்டிவிடுவது. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு முக்கிலிருந்து மலைப் பக்கம் எட்டுக் கிலோமீட்டர் அவர் பொறுப்பு. போர்டில் கச்சிராயபாளையம் ரோடு என்று எழுதியிருக்கும். எங்களுக்கு அது மலை ரோடுதான். கறிகாய் மார்க்கெட்டைத் தாண்டி, அரிசி மில்களைத் தாண்டி, கரும்புக் காடும் மரவள்ளிக் காடுமாகப் போய், அணைக்கட்டைப் பார்த்துவிட்டு, அடிவாரத்தில் மூச்சு வாங்கி, கொண்டைஊசி வளைவுகளில் ஏறி வெள்ளிமலைக்குப் போகிற ரோடு.

அதில் ஊர் முடிந்து காடு ஆரம்பிக்கிற இடத்தில் ஒரு திருப்பம். திருப்பத்தில் என் டீக்கடை. கடைக்குப் பின்னால் வீடு. கடைக்குப் பக்கத்தில் கன்னிமார் கோயில். கோயில் என்றால் கோபுரம் எல்லாம் இல்லை. ஏழு கல் நட்டு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்தால் எங்கள் பக்கம் அது கன்னிமார். மலைக்கு ஏறுகிற ஜீப்காரன், லாரிக்காரன், பால் வண்டிக்காரன் எல்லாரும் அங்கே நிறுத்தி ஒரு சூடம் கொளுத்தாமல் போக மாட்டார்கள். கெட்ட திருப்பம் அது, அடிக்கடி காவு வாங்கும். சூடமும் எலுமிச்சம்பழமும் என் கடையிலேயே கிடைக்கும். வண்டியை நிறுத்தினவன் சும்மா போவானா, ஒரு டீயும் குடிப்பான். அப்படித்தான் எங்கள் பிழைப்பு நடந்தது.

எனக்கு வாய் ஜாஸ்தி. கல்யாணமாகி வந்த மூன்றாவது நாளே மாமியார் அதைச் சொல்லிவிட்டாள். ரோட்டுக்காரர் தினமும் பதினோரு மணிக்கு டீக்கு வருவார். அப்போதும் நேராக வர மாட்டார். கடை வாசலில் இருக்கிற கைப்பம்புக்கு இந்தப் பக்கம் சுற்றி, துவைக்கிற கல்லுக்கு அந்தப் பக்கம் சுற்றி, பெண்பிள்ளைகள் பாண்டி ஆடுவது போலக் காலை வைத்து வந்து சேருவார். ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டேன்.

"ஏன்ணா, என் வாசலு இன்னா முள்ளா குத்துது உனக்கு?"

அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "அந்தப் பம்புகிட்ட ஒத்தக் கொலுசு. அதுக்கு இப்பால சாப்பாட்டுத் தூக்கு. அங்க, ஒன் பெஞ்சு கால் இருக்குது பாரு, அது ஒரு பள்ளிக்கூடத்து பையி."

எனக்கு முதலில் விளங்கவில்லை. கேட்டுக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன்.

ரோட்டில் யாராவது அடிபட்டுச் செத்தால், போலீஸ் எழுதி, ஆம்புலன்ஸ் ஏற்றிக்கொண்டு போன பிறகு, கடைசியாக வருகிறவர் அவர். தார் மேல் கிடக்கிற ரத்தத்துக்கு மணல் போட வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த வண்டி வழுக்கும், நாய் வரும். கூடையில் மணல் கொண்டுவந்து தூவி, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, கூட்டி அள்ளி, மறுபடி புது மணல் தூவுவார். இருபத்தெட்டு வருஷமாக அந்த எட்டுக் கிலோமீட்டரில் அவர் மணல் போட்ட இடம் ஒன்றைக்கூட அவர் காலால் மிதித்ததில்லை. அதுதான் அந்தக் கோணல் நடை.

"பேரு இன்னா ஏதுன்னு தெரியாதாண்ணா?" என்று கேட்டேன்.

"பேரு போலீசுக்குத் தெரியும். எனக்கு எதுக்கு? மண்ணு போடும்போது பக்கத்துல இன்னா கெடந்துச்சோ அதான் எனக்குத் தெரியும்."

அவரிடம் வழி கேட்கக் கூடாது. ஊருக்குப் புதிதாக வந்தவன் பாவம், புது பேக்கரி எங்கே என்று கேட்டால், "உடைஞ்ச மூக்குக்கண்ணாடிக்கு எதிர்த்தாப்ல" என்பார். கேட்டவன் கண்ணாடிக் கடை ஒன்றைத் தேடிக்கொண்டு போவான். விஷயம் தெரிந்தவர்கள் அந்தக் கடைக்குப் போகவே யோசிப்பார்கள். ஒரு நகைக்கடைக்காரர் கை எடுத்துக் கும்பிட்டு, "எங்க கடைய மட்டும் அப்படிச் சொல்லாதய்யா" என்று கேட்டுக்கொண்டாராம். இவர் ரொம்ப மரியாதையாக, "உங்க வாசல்ல ஒண்ணும் இல்லீங்க, தாராளமா தொறங்க" என்று சொல்லிவிட்டு வந்தார்.

அந்த ரோட்டின் கதை முழுக்க அவரிடம் இருந்தது. அவர் அப்பாவும் ரோட்டுக் கூலிதான். அப்பா காலத்தில் அது வண்டித்தடம். மலையிலிருந்து சாமையும் தினையும் கடுக்காயும் புளியும் தலைச்சுமையாக இறங்கி வரும். சுமந்து வந்த மலைக்காரர்கள் சந்தையில் உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு மறுபடி ஏறிப் போவார்கள். அப்புறம் கப்பிக்கல் போட்டார்கள், அப்புறம் தார். இரண்டு பக்கமும் நம்பர் போட்ட புளியமரங்கள் இருந்தன, அகலப்படுத்த அதையும் வெட்டினார்கள். வெறும் வண்டித்தடமாக இருந்தபோது அதில் ஒரே ஒரு மாடுதான் செத்தது என்று அவர் அப்பா சொல்லியிருக்கிறார், அதுவும் கிழட்டு மாடு.

"ரோடு கெட்டுக் கெடந்தா எனக்குக் குழி மூடற வேலை, தங்கச்சி. ரோடு நல்லாயிட்டா மணலு போடற வேலை" என்பார். சொல்லிவிட்டு, அதில் சிரிக்க என்ன இருக்கிறதோ, சிரிப்பார்.

ஒன்று மட்டும் எனக்கு ஆத்திரமாக இருந்தது. ஊரே கும்பிடுகிற கன்னிமாரை அவர் கும்பிடவே மாட்டார். ஆடி வெள்ளியில் பொங்கல் வைத்துக் கொடுத்தால் பொங்கலைச் சாப்பிடுவார், திருநீற்றை வாங்க மாட்டார். ஒரு மழை நாள், கடையில் வேறு யாரும் இல்லை. நான் ஆரம்பித்துவிட்டேன். சாமி இல்லாவிட்டால் இந்தத் திருப்பத்தில் இன்னும் எத்தனை பேர் போயிருப்பார்கள் தெரியுமா, இந்த ரோட்டில் பிழைக்கிறவன் அவளுக்கு ஒரு கும்பிடு போட்டால் குறைந்தா போய்விடுவாய் என்று.

அவர் மழையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அந்த ஏழு கல்லையும் சொமந்து வந்தவரு எங்கப்பாரு."

"நல்லதுதான? புண்ணியம்தான?"

"ரோட்டுக்கு அடிச்சி வெச்சிருந்த கல்லு தங்கச்சி அது. ஆபீசுக் கல்லு. மொதமொத இங்க ரோடு போடறதுக்குக் கயிறு புடிச்சாங்க. கயிறு நேரா ஒங்க மாமனாரு கெணத்து மேட்டு வழியா போச்சி. மறுநாளு மொளைக்குச்சி அடிக்க வர்றாங்கன்னு தெரிஞ்சதும், எங்கப்பாருக்கு ஒரு படி கம்பு குடுத்து, ஏழு கல்லக் கொண்டாந்து நட்டு, மஞ்சளப் பூசி, பழைய சீலத்துணி ஒண்ணக் கட்டிட்டாரு ஒங்க மாமனாரு. எங்க கொலத்துக் கன்னிமாரு, கை வெச்சா குடும்பம் அழிஞ்சிடும்னு அழுதாரு. வந்தவங்க பயந்துட்டாங்க. கயித்த வளைச்சிட்டாங்க."

டீயில் ஒரு வாய் குடித்தார்.

"அதுக்கு முந்தி இங்க திருப்பம் கெடையாது" என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் அவர் கையிலிருந்த கிளாசைப் பிடுங்கித் தண்ணீர்த் தொட்டியில் போட்டேன். செத்துப்போன மனுஷன் மேல் பழி போடுகிறாயா, உன் நாக்கு அழுகிப்போகும் என்றெல்லாம் கத்தினேன். அவர் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டார். சாயங்காலம் வீட்டுக்காரரிடம் கேட்டேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சோற்றைப் பிசைந்தபடியே இருந்தார், தலையைத் தூக்கவில்லை.

"அப்பா சாவறப்ப அதத்தான் சொன்னாரு" என்றார்.

அப்படியானால் அந்தத் திருப்பம் எங்கள் வீட்டுச் சொத்து. எங்கே செத்துப்போவோமோ என்று வண்டிக்காரர்கள் பயந்து கும்பிடுவதும், அந்தச் சூடத்தை நான் விற்பதும் எல்லாம் ஒரு படிக் கம்பில் வந்தது. மறுநாள் வெள்ளிக்கிழமை. நான் குளித்து, கன்னிமாருக்கு விளக்கு வைத்தேன். அதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும், வைத்தேன். மூன்று நாள் கழித்து அவர் பதினோரு மணிக்கு வந்தபோது ஒன்றும் நடக்காதது போல டீ கொடுத்தேன். அவரும் குடித்தார்.

கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பிறகு மலை ரோட்டுக்கு யோகம் அடித்தது. கார்கள் பெருத்தன. அருவி பார்க்க, படகு விட என்று சனி ஞாயிறுகளில் சென்னை வண்டிகள்கூட வர ஆரம்பித்தன. அகலப்படுத்தப் போகிறார்கள், திருப்பத்தை நேராக்கப் போகிறார்கள் என்று பேச்சு கிளம்பியது. பேச்சாக இருந்தது ஒருநாள் காலையில் என் கடைச் சுவரில் சிவப்புப் பெயின்டாக வந்து நின்றது. கடை போகும், வீட்டில் முக்கால்வாசி போகும், கன்னிமார் போகும். பட்டா பார்த்தால் கடை நிற்கிற இடம் எங்கள் பேரில் இல்லை, அதற்கு ஒன்றும் தர மாட்டார்கள். வீட்டுக்காரருக்கு ஏற்கெனவே பக்கவாதம் வந்து இடது கை விழுந்திருந்தது. வேறு எங்கே போய் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

அளக்க வந்த இஞ்சினியர் நல்ல பையன். அவன் மேல் குற்றம் சொல்ல மாட்டேன். "கோயில் பழசா இருந்தா நாங்களும் யோசிப்போம்மா. யாராவது விவரம் தெரிஞ்ச பெரியவங்க எழுதிக் குடுக்கட்டும்" என்றான். ஊரே ஒரே குரலில் சொன்னது, ரோட்டுக்காரரைக் கேளுங்க என்று. அவர் அந்தச் சித்திரையில்தான் ஓய்வு பெற்றிருந்தார். அந்த ரோட்டைப் பற்றி அவர் சொன்னால் ஆபீசில் மறுபேச்சு இல்லை.

உச்சி வெயிலில் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் பெண்டாட்டி மோர் கொடுத்தாள், நான் குடிக்கவில்லை. அவர் கட்டிலில் உட்கார்ந்து பழைய மண்வெட்டிக்குக் காம்பு செதுக்கிக்கொண்டிருந்தார். ஓய்வு பெற்றவருக்கு அது எதற்கோ.

"அண்ணா, ஒரு வார்த்த. பழைய கோயிலுன்னு ஒரே ஒரு வார்த்த சொல்லிடு."

"அந்தத் திருப்பத்துல எத்தினி பேருன்னு தெரியுமா ஒனக்கு?"

தெரியாது என்று தலையை ஆட்டினேன்.

"பதினோரு பேரு. நேராக்கிட்டா பன்னெண்டு கெடையாது. இருபத்தெட்டு வருசத்துல இந்த ரோட்டுல எனக்குப் புடிச்ச மாதிரி ஒரு வேலை நடக்கப்போவுது, அதக் கெடுக்கச் சொல்றியே."

அழுதேன். நடிப்பில்லை, நிஜமாகவே அழுதேன். வீட்டுக்காரர் கை விழுந்து கிடக்கிறார், நடுரோட்டில் நிற்கவா என்றேன். அதோடு விட்டிருந்தால்கூட என் மனசு இன்றைக்கு ஆறும். வாய் சும்மா இருக்கவில்லை. "ரோடுதான் அகலமாவுதே அண்ணா. லைட்டு போடறாங்க, ஒளிர்ற பட்டை ஒட்டறாங்க. இனிமே எப்படி ஆவும்? பன்னெண்டாவது வராது, எம் பொறுப்பு, நான் சொல்றன்" என்றேன்.

அவர் செதுக்கிக்கொண்டிருந்த காம்பைக் கீழே வைத்தார். "நீ சொல்ற" என்றார். பெண்டாட்டி பக்கம் திரும்பி, "சட்டைய எடு" என்றார்.

கன்னிமார் பக்கத்தில் நாற்காலி போட்டு இஞ்சினியர் உட்கார்ந்திருந்தான். ரோட்டுக்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாக அந்தக் கல் ஒன்றின் மேல் கையை வைத்தார். "எங்கப்பாரு காலத்துக்கும் முந்திங்கய்யா. ரோடு வர்றதுக்கு முன்னாடியே இருக்குதுங்க" என்றார். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. எழுதினதற்குக் கீழே கையெழுத்துப் போட்டார். கை மஞ்சளாகியிருந்ததால் காகிதத்திலும் மஞ்சள் ஒட்டியது. இஞ்சினியர் அதைப் பார்த்துவிட்டு, பயபக்தியோடு மடித்துப் பையில் வைத்துக்கொண்டான்.

திருப்பம் தப்பித்தது. நாங்களும் தப்பித்தோம். மற்றபடி ரோடு இரண்டு பக்கமும் அகலமாகி, தார் ஊற்றி, கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. முன்னே தட்டுத்தடுமாறி வந்த வண்டிகளெல்லாம் பறந்து வந்து திருப்பத்தில் பிரேக் போட்டுக் கிறீச்சிடும். ஆனாலும் எட்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. லைட்டு எரிந்தது, பட்டை மின்னியது. அவர் அப்போதும் பதினோரு மணிக்கு வந்துகொண்டுதான் இருந்தார். "பாத்தியாண்ணா, நான் சொன்னேன்ல" என்று நான் சீண்டுவேன். அவர் ரோட்டைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்து குடிப்பார்.

தை மாதம். கரும்பு வெட்டு உச்சத்தில் இருந்தது. சர்க்கரை ஆலைக்குப் போகிற டிராக்டர்கள் மலை போலக் கரும்புக்கட்டு ஏற்றிக்கொண்டு வரிசையாகப் போகும். மதியம் மூன்று மணி இருக்கும். மலைக்காரப் பையன் ஒருவன் புதுப் பெண்டாட்டியைப் பின்னால் வைத்துக்கொண்டு வண்டியில் மேலே போய்க்கொண்டிருந்தான். அவள் மடியில் ஒரு அட்டைப் பெட்டி. என் கடையைத் தாண்டும்போது அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள், அல்லது வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினாளோ என்னவோ. திருப்பத்துக்கு அந்தப் பக்கமிருந்து வந்த டிராக்டர் அவன் கண்ணுக்குத் தெரியவில்லை.

பெட்டி உடைந்து குக்கர் ஒரு பக்கம் போனது. மூடி மட்டும் தனியே உருண்டு, ரோட்டைக் கடந்து, என் வாசலுக்கு வந்து, பம்பு பக்கத்தில் சுற்றிச் சுற்றி அடங்கியது. அந்தச் சத்தம் நின்ற பிறகுதான் எனக்கு மற்றதெல்லாம் தெரிந்தது.

பையனுக்குக் காலில் மட்டும் காயம். அவளை ஏற்றிக்கொண்டு போகும்வரை என் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். தண்ணீர் கேட்டான், கொடுத்தேன். பிறகு, "அக்கா, குக்கர எடுத்து வையி, நானு அப்புறம் வந்து வாங்கிக்கிறன். அவ ஆசயா கேட்டது" என்றான். சரி என்றேன். அவன் வரவே இல்லை. குக்கர் என் வீட்டுப் பரணில் இருக்கிறது.

எல்லாரும் போன பிறகு ரோட்டுக்காரர் வந்தார். ஓய்வு பெற்றவரை யாரும் கூப்பிடவில்லை. எப்படித் தெரிந்ததோ, யாரோ வீடு கட்டப் போட்டிருந்த மணலில் ஒரு கூடை அள்ளித் தலையில் வைத்துக்கொண்டு, அந்தப் புதுக் காம்பு போட்ட மண்வெட்டியோடு வந்தார். குந்தி உட்கார்ந்து கையாலேயே தூவினார். நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு கிட்டே போனேன்.

"நீ உள்ள போ தங்கச்சி."

"நானும் கூட்டறண்ணா."

"இத்தினி நாளு போட்டது சம்பளத்துக்குப் போட்டது. இது நானு போட வேண்டிய மண்ணு. நீ உள்ள போ."

மறுநாள் பதினோரு மணிக்கு டீ போட்டு வைத்தேன். அவர் வரவில்லை. அவர் ரோட்டில் நடந்து வருவதை மட்டும் பார்த்தேன். திருப்பத்துக்கு நூறு அடி முன்னாலேயே ரோட்டை விட்டு இறங்கினார். எதிர்ப்பக்கத்து வேர்க்கடலைக் காட்டுக்குள் போய், வரப்போடு சுற்றி, திருப்பம் முடிந்த பிறகு ரோட்டில் ஏறினார். முன்னே தனித்தனியாக ஒதுங்கி நடந்த இடங்களையெல்லாம் இப்போது ஒரே சுற்றாகச் சுற்றிப் போனார். அதற்குள் என் கடையும் என் வீடும் இருந்தன.

தினமும் அப்படியே. எங்களுக்குள் ஏதோ சண்டை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். பத்து நாள் பொறுத்தேன். பிறகு ஒருநாள் டீயை டம்ளரில் எடுத்துக்கொண்டு, வரப்பில் போய் வழியை மறித்தேன்.

"ஒரு வாய் குடிச்சிட்டுப் போண்ணா. என் மேல கோவம்னா திட்டு. செருப்பால அடி. இப்படிப் போவாத."

"ஒம் மேல கோவம் இல்ல தங்கச்சி. நீ வூட்டுக்காக அழுத. யாரா இருந்தாலும் அழுவாங்க." டம்ளரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். "நானு சொன்ன வார்த்த அங்க கெடக்குது. அத மிதிச்சிக்கினு எப்படி வர்றது?"

குடிக்காமல் திருப்பிக் கொடுத்தார். அதற்குப் பிறகு நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

அடுத்த புரட்டாசியில் அவர் செத்துப்போனார். நெஞ்சுவலி என்றார்கள். சுடுகாடு மலை ரோட்டில் எங்கள் கடையைத் தாண்டித்தான். மேளச் சத்தம் கேட்டு, ஒரு மாலை வாங்கி வைத்துக்கொண்டு, வாசலில் நின்றேன். என் வீட்டுக்காரரும் கம்பை ஊன்றி எழுந்து வந்து நின்றார். பாடை திருப்பத்துக்கு நூறு அடி முன்னால் நின்றது. அவர் பெண்டாட்டி என்னவோ சொன்னாள். தூக்கிவந்த பையன்கள் முணுமுணுத்தார்கள். காடு முந்தின நாள் மழையில் சேறாகிக் கிடந்தது. ஆனாலும் இறங்கினார்கள். முழங்கால் சேற்றில் பாடையைச் சுமந்து, வழுக்கி வழுக்கி, அவர் நடந்த அதே வரப்போடு சுற்றிப் போனார்கள். மேளக்காரர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. அவர்கள் ரோட்டிலேயே நேராக அடித்துக்கொண்டு வந்து, பிணம் இல்லாமல் என் கடையைத் தாண்டிப் போனார்கள். மாலை என் கையிலேயே இருந்தது.

மறுநாள் ரோட்டு ஆபீசுக்குப் போனேன். வேறு இஞ்சினியர் வந்திருந்தார். அந்தக் கோயில் பொய், என் மாமனார் நட்டது, எங்கள் வீட்டை இடித்துக்கொள்ளுங்கள், திருப்பத்தை நேராக்குங்கள் என்றேன். அவர் என்னை உட்கார வைத்து, கோப்பை எடுத்து, மஞ்சள் கறை பிடித்த காகிதத்தைக் காட்டினார்.

"பாருங்கம்மா, இருபத்தெட்டு வருஷம் இதே ரோட்டுல வேலை பார்த்தவர் எழுதிக் குடுத்திருக்காரு. நீங்க ஏதோ மனக்கஷ்டத்துல பேசறீங்க. சாமி விஷயம், ஊருல பிரச்சினை ஆயிடும். வேலையும் முடிஞ்சிபோச்சு."

ரோட்டுக்காரர் வாழ்நாளில் அந்த ரோட்டைப் பற்றிச் சொன்ன ஒரே பொய் அது. அதைத்தான் அவர்கள் நம்பினார்கள்.

வீட்டுக்கு வந்து கடப்பாரையை எடுத்தேன். பட்டப்பகலில் ஏழு கல்லையும் நெம்பிப் பிடுங்கிப் பள்ளத்தில் தள்ளினேன். கை கொப்பளித்துவிட்டது. வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார், வேண்டாம் என்று சொல்லவில்லை. சாயங்காலத்துக்குள் ஜீப்காரர்கள் கூடிவிட்டார்கள். யாரும் என்னைத் திட்டவில்லை. அக்காவுக்கு மனசு சரியில்லை என்று அவர்களுக்குள்ளேயே பேசிக்கொண்டு, கல்லையெல்லாம் தேடி எடுத்துக் கழுவி, சிமென்ட் போட்டு நட்டார்கள். தோஷத்துக்கு ஒரு கிடாயும் வெட்டினார்கள். இப்போது மேலே தகரக் கொட்டகை, முன்னால் இரும்பு உண்டியல். கூட்டம் முன்னைவிட ஜாஸ்தி.

சூடம் விற்பதை நிறுத்திவிட்டேன். டீக்கடை இருக்கிறது. நான் தண்ணீர் எடுக்கப் போகும்போது பம்பைச் சுற்றிப் போகிறேன், அங்கே ஒத்தக் கொலுசும் குக்கர் மூடியும். புதிதாக வருகிறவர்கள் என் நடையைப் பார்த்து இடுப்பு வலியா என்று கேட்கிறார்கள். ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.

ரோட்டு ஆபீசில் இப்போது ஆள் கம்மி. போலீஸ் வந்து, ஆம்புலன்ஸ் போய், மணல் வருவதற்குள் நாய் வந்துவிடுகிறது. அதனால் கடைக்குப் பின்னால் ஒரு மூட்டை மணல் வாங்கி வைத்திருந்தேன். ஆற்று மணல் கிடைக்கவில்லை, எம்-சாண்ட்தான். போன ஐப்பசியில் அது தீர்ந்து, இரண்டாவது மூட்டை வாங்கினேன்.